குறைவுக்குக் கட்டமில்லை

ஒன்றுக்கு வந்தால் முன்கூட்டியே சொல்ல அஸ்வின் பழகிக்கொண்டான். அதனால்தான் மோகனப்ரியா அரசாங்கத்தின் சந்தேகத்துக்கு ஆளானாள்.

அஸ்வினுக்கு இரண்டேகால் வயது. மோகனப்ரியாவுக்கு ஓசூர் சிப்காட்டில், மின்னணுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வு வேலை. கணவன் சுபாஷ் இரண்டு தெரு தள்ளி, வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தான். இருவரும் சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் ஓசூரின் குளிரைத்தான் பெரிய கஷ்டமாக நினைத்தார்கள். பிள்ளை பிறந்த பிறகுதான் குளிரெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை என்று புரிந்தது. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது?

அதற்கு விடையாக இருந்தவள் மாதேஸ்வரி. ஜூஜூவாடியில், கர்நாடக எல்லைக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி அவளுக்கு ஒரு வீடு. பேரிகைப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தவள், பிறகு ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தாள். அங்கே ஓய்வறையைத் துடைக்கும்போதெல்லாம், ஏதாவது ஓர் இளம்பெண் போனில் பிள்ளையின் அழுகையைக் கேட்டுக் கண் கலங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். ஒரு நாள் துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து, வீட்டு முன்னறையில் பாயை விரித்து, காப்பகம் ஆரம்பித்துவிட்டாள்.

அங்கே வரும் பிள்ளைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஒடியா என்று ஆளுக்கொரு பாஷையில் அழுதார்கள். பசி, தண்ணீர், தூக்கம் எல்லாவற்றையும் எப்படியோ புரிந்துகொண்ட மாதேஸ்வரிக்கு ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கட்டுப்படியாகவில்லை. அதற்கு அவள் பொதுவான ஏற்பாடு ஒன்றைச் செய்தாள். சுண்டுவிரலை நீட்டினால் ஒன்றுக்கு. இரண்டு விரலை நீட்டினால் இரண்டுக்கு. பேசவே ஆரம்பிக்காத பிள்ளைகூட மூன்று வாரத்தில் விரலை நீட்டியது.

அஸ்வினும் நீட்டினான். தொடர்ந்து ஒரு மாதம் தவறாமல் நீட்டியதைப் பார்த்த மாதேஸ்வரி, ஒரு நாள் சாயங்காலம் மோகனப்ரியாவை நிறுத்தினாள்.

"மோகனா, அடுத்த மாசத்துலேர்ந்து ஐநூறு ரூவா கம்மியா குடு, போதும்."

"ஏங்கா, என்னாச்சு?"

"உம்பையன் இப்ப தானா சொல்லிக்கினு போறான். தொடைக்கிற வேல இல்ல, தொவைக்கிற வேல இல்ல. செய்யாத வேலைக்கு நான் எதுக்குக் காசு வாங்கணும்?"

மோகனப்ரியாவுக்குப் பெருமையில் முகம் பூரித்தது. வழியெல்லாம் மகனைக் கொஞ்சிக்கொண்டே நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் அவளுக்கு அந்தக் குறுஞ்செய்தி நினைவுக்கு வந்தது.

வேலைக்குப் போகும் தாய்மாருக்குக் குழந்தைப் பராமரிப்பு உதவி என்று அரசுத் திட்டம் ஒன்று இருந்தது. காப்பகக் கட்டணத்தில் பாதி, தாயின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். பணம் வந்த மறுநிமிடம் குறுஞ்செய்தி ஒன்றும் வரும். "பராமரிப்புச் செலவில் ஏற்படும் எந்த மாற்றத்தையும் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்." பணம் வருவதாவது சில மாதம் தாமதமாகும். மிரட்டல் ஒருநாளும் தாமதமானதில்லை.

அது வெறும் மிரட்டலுமில்லை. மோகனப்ரியாவுக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்த தமிழ்செல்வி, பிள்ளையை வேறு காப்பகத்துக்கு மாற்றியதைச் சொல்ல மறந்துவிட்டாள். ஒரு வருட உதவியையும் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அவள் கம்மலை அடகு வைத்துக் கட்டினாள். அதற்கப்புறம் ஆய்வுப் பிரிவில் உள்ள தாய்மார்கள் எல்லோரும் அந்தக் குறுஞ்செய்தியை எழுந்து நின்று படிக்காத குறையாகப் படித்தார்கள்.

"ஏறுனாத்தேன் சொல்லணும். கொறஞ்சா எதுக்குச் சொல்லணும்?" என்றான் சுபாஷ்.

"எந்த மாற்றமும்னு போட்டுருக்குல்ல."

"அவுக ஆயிரம் போடுவாக. பேசாம கெட. நம்மளாப் போயி தலையக் குடுக்க வேணாம்."

மோகனப்ரியா பேசாமல் கிடக்கிற ரகமில்லை. நாள் முழுக்க பூதக்கண்ணாடியின் கீழே பலகைகளைப் பார்த்து, ஈயப்புள்ளி கொஞ்சம் பருத்திருந்தாலும் குறையென்று எடுத்து வைக்கிறவள். வீட்டிலும் அவளால் எதையும் பார்க்காதது மாதிரி இருக்க முடிவதில்லை. சுபாஷின் சட்டையில் பித்தான் மாறிப் போயிருந்தால் தெருவுக்குப் போய்விட்டவனைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள்.

வாரவிடுமுறையன்று இ-சேவை மையத்துக்குப் போனாள். அங்கே கணினியில் உட்கார்ந்திருந்த லாவண்யா, திட்டத்தின் பக்கத்தைத் திறந்து 'செலவில் மாற்றம்' என்ற இடத்தை அழுத்தினாள். ஒரு பட்டியல் விழுந்தது. கட்டண உயர்வு, காப்பக மாற்றத்தால் கட்டண உயர்வு, கூடுதல் நேரத்தால் கட்டண உயர்வு, இரண்டாவது குழந்தையால் கட்டண உயர்வு.

"குறைவுன்னு இருக்கான்னு பாருங்க" என்றாள் மோகனப்ரியா.

லாவண்யா மேலும் கீழும் தேடினாள். "இல்லீங்களே அக்கா. குறைஞ்சுதுன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லைங்க." பிறகு ஆர்வமாக, "நெஜமாவே குறைச்சுட்டாங்களா? எங்க இருக்குது அந்தக் காப்பகம்?" என்று கேட்டு முகவரியை வாங்கி வைத்துக்கொண்டாள். அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது. கடைசியில், கிருஷ்ணகிரி அலுவலகத்தில் நேராக மனு கொடுப்பதுதான் வழி என்றாள்.

கிருஷ்ணகிரிக்குப் போக ஒரு நாள் விடுப்பு எடுக்கவேண்டும். விடுப்பு எடுத்தால் அந்த மாத வருகைப்படி போய்விடும். மாதேஸ்வரி குறைத்த தொகையை விட அது அதிகம். சுபாஷ் அதைச் சொல்லிக்காட்டினான். மோகனப்ரியா காதில் வாங்காமல் சூளகிரி வழியாகப் போகும் பேருந்தில் ஏறினாள்.

அலுவலகம் மாடியில் இருந்தது. அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் கோவிந்தப்பன். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது. அதுவரை எந்தக் கோப்பும் எழுந்து நின்று தன்னைக் கடித்துவிடக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையில்லை. மனுவை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"ஏம்மா, குறைஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்குதே."

"ஆமா சார். கொறஞ்சிருச்சு."

"ஏறிடுச்சுன்னு எழுத வந்து மாத்தி எழுதிட்டீங்களா?"

"இல்ல சார். அந்தக்கா ஐநூறு ரூவாய கொறைச்சுட்டாக. அதேன் சொல்ல வந்தேன்."

கோவிந்தப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க நல்லவங்கன்னு தெரியுது. ஆனா நல்லவங்களுக்குன்னு இதுல தனியா கட்டம் கெடையாதும்மா." அவர் ஒரு அரசாணையைப் பிரித்தார். "உதவித்தொகையக் குறைக்கறதுக்கோ நிறுத்தறதுக்கோ மூணு காரணந்தான் சொல்லியிருக்குது. ஒண்ணு, காப்பகம் மூடிட்டாங்க. ரெண்டு, குடும்பம் வேற மாநிலத்துக்குப் போயிட்டாங்க. மூணு..."

மூன்றாவதை அவர் வாசிக்கவில்லை. மோகனப்ரியா தலைகீழாகவே அந்த வரியைப் படித்தாள். 'குழந்தை இறந்துபோதல்' என்றிருந்தது. மேசைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் விரலைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள்.

"இந்த மொத ரெண்டுல ஏதாவது ஒண்ணுக்கு நீங்க வர முடியுமா? எல்லை பக்கத்துலதானே இருக்குது உங்க வீடு. அத்திப்பள்ளிக்குக் குடி போனாக்கூட ரெண்டாவது காரணத்துல போட்டுடலாம்."

"ஐநூறு ரூவாய்க்காக வீட்ட மாத்த முடியுமா சார்?"

"அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டார் கோவிந்தப்பன். "அப்போ காரணம் என்னன்னு எழுதணுமே. ஏன் குறைச்சாங்க?"

மோகனப்ரியா சுற்றுமுற்றும் பார்த்தாள். அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "பையன் இப்பச் சொல்லிருறான் சார்" என்றாள்.

"என்னத்தச் சொல்றான்?"

"ஒண்ணுக்கு வந்தா, சார்."

தாழ்த்திய குரல்தான். ஆனால் அந்த அறையில் அன்றைக்கு வேறு சத்தம் எதுவும் இல்லை. எல்லாத் தலைகளும் திரும்பின. பக்கத்து மேசைப் பெண், எந்த வயதில் பழக்கினாய் என்று கேட்டாள். ஜன்னலோரம் இருந்தவர், தன் பேரனுக்கு நாலு வயதாகியும் தினம் பாய் நனைகிறது என்று வருத்தப்பட்டார். அதற்கு ஒருவர் நாட்டு மருந்து சொன்னார். இன்னொருவர் அதெல்லாம் வேண்டாம் என்றார். திட்டம் தொடங்கியதிலிருந்து குழந்தைப் பராமரிப்பைப் பற்றி அந்த அலுவலகத்தில் நடந்த முதல் பேச்சு அதுதான்.

பேச்சு ஓய்ந்ததும் கோவிந்தப்பன் எழுத ஆரம்பித்தார். 'மனுதாரரின் குழந்தை தனது இயற்கை உபாதையை முன்கூட்டியே அறிவிக்கும் திறனைப் பெற்றுள்ளதாகவும், அதன் பொருட்டு பராமரிப்புக் கட்டணம் குறைக்கப்பட்டுள்ளதாகவும் தெரிவிக்கிறார். மேற்படி திறன் உண்மைதானா என்பதைக் கள ஆய்வு செய்து அறிக்கை அளிக்கலாம்.' எழுதி முடித்து, தானே ஒருமுறை படித்துப் பார்த்துத் திருப்தியாகக் கையெழுத்திட்டார்.

"ஆய்வாளர் வருவாரு. பையன் தயாரா இருக்கட்டும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை ஆய்வாளர் மணிவேல் மாதேஸ்வரியின் வீட்டுக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். கையில் அலுவலகம் கொடுத்த டேப்லட் இருந்தது. நல்ல மரியாதைக்காரன். செருப்பைக் கழற்றிவிட்டு, பாயிலேயே உட்கார்ந்தான். பிள்ளைகள் சுற்றி நின்று அவனைப் பார்த்தார்கள். அவன் வந்த விஷயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டான்.

"நான் நேர்ல பாக்கணும்னு போட்டிருக்காங்கம்மா. போட்டோ வேணாம்னு நானே கேட்டுக்கிட்டேன்."

"பாக்கறதுன்னா?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

"பையன் சொல்றதப் பாக்கணும்."

"அதுக்கு அவனுக்கு வரணுமேப்பா. இப்பத்தான் போயிட்டு வந்தான்."

எனவே காத்திருந்தார்கள். மாதேஸ்வரி மோர் கொடுத்தாள். மணிவேல் ஒரு டம்ளர் குடித்தான். அரசுப் பணிக்கு உதவியாக அஸ்வினுக்கு இரண்டு டம்ளர் கொடுக்கப்பட்டது. மோகனப்ரியா நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். பரீட்சை எழுதும் பிள்ளையைப் பள்ளி வாசலில் நின்று பார்க்கிற தாய்க்கு இருக்கிற படபடப்பு அவளுக்கும் இருந்தது. மாதேஸ்வரிக்கு அதுவும் இல்லை. தான் பழக்கிய பிள்ளை தவறாது என்று அவள் உள்ளே சாம்பாரைக் கிளறப் போய்விட்டாள்.

அஸ்வினுக்கு மணிவேலைப் பிடித்துவிட்டது. மெல்ல மெல்ல நகர்ந்து வந்து, அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு டேப்லட்டைத் தட்டினான். மணிவேல் அதில் ஒரு யானைப் படத்தைத் திறந்து காட்டினான். யானை, குதிரை, ஒட்டகம் என்று பார்த்துக்கொண்டே வந்த அஸ்வின் திடீரென்று படம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மணிவேலின் முகத்துக்கு நேராகச் சுண்டுவிரலை நீட்டினான்.

"என்னடா, காய் விடுறியா?" என்று சிரித்தான் மணிவேல். "மாமா மேல என்ன கோவம்? நான் பழம் விடறேன் பாரு." பழம் விடுவதற்காக இரண்டு விரலை நீட்டிக் காட்டினான்.

இரண்டு விரலைப் பார்த்த அஸ்வின் குழம்பிப்போனான். இவ்வளவு பெரிய ஆளுக்கு இரண்டுக்கு வருகிறது; அதையும் மடியில் தன்னை வைத்துக்கொண்டு சொல்கிறார். அவன் கருணையோடு பின்பக்கக் கழிப்பறையைக் கைகாட்டினான். பிறகு தன் அவசரம் நினைவுக்கு வர, மறுபடி சுண்டுவிரலை நீட்டினான். மணிவேல் அந்த விரலைத் தன் விரலால் கோத்துப் பிடித்து ஆட்டினான்.

"சார், அவன் சொல்றான் சார்" என்று மோகனப்ரியா ஓடிவந்தாள்.

அதற்குள் மணிவேலின் கால்சட்டை நனைந்துவிட்டது.

மணிவேல் கோபப்படவில்லை. "பரவால்லம்மா, கொழந்ததானே" என்று சொல்லி, மாதேஸ்வரி கொடுத்த துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டான். மோகனப்ரியா சுண்டுவிரல் ஏற்பாட்டை விளக்கினாள். மாதேஸ்வரி கரண்டியோடு வந்து, வீட்டிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி விரலை நீட்டச் சொன்னாள். எல்லோரும் நீட்டினார்கள். மணிவேல் பார்த்தான், நம்பவும் செய்தான்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா டேப்லட்ல ரெண்டே கேள்விதான் இருக்குது. 'குழந்தை வாய்மொழியாகத் தெரிவித்ததா'ன்னு ஒண்ணு. இல்லைன்னு போடணும். 'ஆய்வின்போது ஈரம் காணப்பட்டதா'ன்னு ஒண்ணு." அவன் தன் கால்சட்டையைக் குனிந்து பார்த்தான். "இதுக்கு ஆமான்னுதான் போட முடியும்."

இரண்டு வாரம் கழித்து முடிவு தபாலில் வந்தது. குழந்தை பெற்றதாகக் கூறப்படும் திறன் ஆய்வில் உறுதிப்படவில்லை. எனவே கட்டணம் குறைந்தது என்பதை ஏற்க இயலாது. உதவித்தொகை பழைய வீதத்திலேயே தொடரும். தவறான தகவல் அளித்தமைக்காக மனுதாரர் எச்சரிக்கப்படுகிறார்.

கடைசி வரியை மோகனப்ரியா பலமுறை படித்தாள். ஆறு வருட வேலையில் அவள் எடுத்து வைத்த எந்தப் பலகையும் சரியானதென்று திரும்பி வந்ததில்லை. அவள் சொன்னது தவறு என்று ஒரு காகிதம் அவளைப் பார்த்துச் சொல்வது இதுதான் முதல் தடவை. அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆரம்பத்திலிருந்து கேலி பேசிய சுபாஷுக்கு இப்போது பொறுக்கவில்லை.

"கூடுதலாக் காசு குடுக்காதீகன்னு சொன்னதுக்கு எம்பொண்டாட்டியப் பொய்க்காரின்னு எழுதுவாகளா? போன் நம்பரக் குடு."

அவனே கோவிந்தப்பனைக் கூப்பிட்டான். கோவிந்தப்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, இதுல உங்களுக்கு நஷ்டம் ஒண்ணுமில்லையே. முழுசா வந்துக்கினுதானே இருக்குது."

"அதேன் சார் பயமாருக்கு. நாளைக்குக் கணக்குப் பாக்க வேற ஆளு வந்து, குறைஞ்சதுக்கு ஏன் முழுசா வாங்குனீகன்னு கேட்டா?"

அந்தக் கேள்வி, ஓய்வூதியத்தோடு தன் வீட்டு வாசலுக்கும் வரக்கூடியது என்பது கோவிந்தப்பனுக்கு உறைத்தது.

"ஒண்ணு செய்யுங்க தம்பி. கோப்புல பழைய கட்டணம்னு முடிவாயிடுச்சு. கோப்ப இனிமே மாத்த முடியாது. அந்தம்மாகிட்டச் சொல்லி, கட்டணத்த மாத்திக்குங்க."

இதை மறுநாள் மோகனப்ரியா சொன்னபோது மாதேஸ்வரி இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளுக்குப் பணத்தைப் பற்றிய வருத்தமில்லை. தான் பழக்கிய பிள்ளைக்குப் பழக்கமில்லை என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எங்கையில வளந்த புள்ளயப் பாத்து ஈரம்னு எழுதிட்டானா? விரல நீட்டுனா புரியல அவனுக்கு. யாருக்குப் பழக்கம் பத்தல, சொல்லு."

"அக்கா, பழைய காசையே வாங்கிக்கங்கக்கா. இல்லாட்டி நான் பொய்க்காரியாவே இருக்கணும்."

"செய்யாத வேலைக்கு நான் வாங்க மாட்டேன்."

"அப்ப ஏதாச்சும் வேல செய்ங்க."

மாதேஸ்வரி யோசித்தாள். பிறகு, அந்த ஐநூறுக்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாரத்தில் ஒரு நாள் முட்டை அவித்துக் கொடுப்பதென்று முடிவாயிற்று. மோகனப்ரியா பழைய கட்டணத்தைக் கொடுத்தாள். ரசீதில் பழைய தொகை ஏறியது. கோப்பில் இருந்தது உண்மையாகிவிட்டது. கிருஷ்ணகிரியில் கோவிந்தப்பன் அந்தக் கோப்பைக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில், கடிக்காத கோப்புகளோடு வைத்தார்.

சரியாக இருந்ததைக் கெடுத்து, கெட்டதைச் சரிபண்ணிய களைப்பு மோகனப்ரியாவுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. வேலையில் ஒரு பலகையை எடுத்து வைக்கும் முன் இருமுறை யோசித்தாள். யோசித்துவிட்டு எடுத்தும் வைத்தாள்.

ஆடி மாதம் பிறந்து, காற்று தூசியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அவள் அஸ்வினை விட வந்தபோது மணிவேல் வாசலில் நின்றிருந்தான். கையில் டேப்லட் இல்லை. தோளில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மோகனப்ரியா அஸ்வினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மறுபடியும் ஆய்வா சார்?"

"இல்லம்மா. இது எம்பொண்ணு. வீட்டுக்காரம்மாவுக்கு ஓசூர்ல வேல கெடச்சிருக்குது. இங்கதான் வீடு பாத்திருக்கோம்." அவன் செருப்பைக் கழற்றாமல் தயங்கினான். "அக்காகிட்டச் சேக்கலாம்னு வந்தேன். நல்லாப் பழக்குவாங்கன்னு..."

மாதேஸ்வரி உள்ளேயிருந்து வந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பழக்கம் உறுதிப்படலன்னு நீதானப்பா எழுதுன?"

"எழுதுனது நாந்தான்க்கா. பாத்ததும் நாந்தான்."

மாதேஸ்வரி கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். தூக்கத்திலேயே அது அவள் தோளில் முகத்தைப் புதைத்தது.

"மூணு வாரத்துல சொல்லிடுவா. சொன்னதும் நானே ஐநூறக் கொறச்சுக்குவேன். ஆனா ஒண்ணு. கொறஞ்சா வூட்ல பாயசம் வெச்சுச் சாப்டுங்க. எந்த ஆபீசுக்கும் போயிச் சொல்லாதீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன்க்கா" என்றான் ஆய்வாளர் மணிவேல்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மோகனப்ரியா அஸ்வினை உள்ளே விட்டுவிட்டு, துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் தமிழ்செல்வி பிடித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்னவென்று தமிழ்செல்வி கேட்டாள். சிப்காட் போய்ச் சேரும்வரை அவளால் சொல்ல முடியவில்லை.